கண்ணாடியில் இன்னொரு கோடு

தம்பி வளர்த்த படிகத்தை அக்கா கீறிப் பார்ப்பது, சொந்தக்காரனின் பரீட்சைத் தாளைத் திருத்துவது மாதிரிதான். ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் கீறும் கருவியைக் கையாளத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவன் வேறு யாரிடம் போவான்?

கருவி என்னவோ சாது. கண்ணுக்கே தெரியாத வைர முனை படிகத்தின் மேல் மெல்ல ஒரு கோடு இழுக்கும். அதன் ஆழம் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. கோடு எவ்வளவு மேலாக விழுகிறதோ, படிகம் அவ்வளவு கடினம். அன்று விழுந்த கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. படிகம் தேறாவிட்டால் அது வளரும் உலையை நிறுத்திவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை கூட்டம். ஓட்டைவாய்க்காரன், அக்காவைக் கேட்காமலே ஓடிப்போய் நல்ல சேதியை இயக்குநர் காதில் போட்டுவிட்டு வந்தான்.

கடினம் இவ்வளவு என்று முன்பே தெரிந்த கண்ணாடித் துண்டு ஒன்றை வேலைக்கு முன்னும் கீற வேண்டும், பின்னும் கீற வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். பின்னால் போட வேண்டிய கோடு பாக்கி. விட்டால் கேட்பார் யாருமில்லை. பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே! கீறினாள். கண்ணாடியிலும் முதலில் போட்டதைவிடக் கோடு மேலாகத்தான் விழுந்தது.

"என்னக்கா, ஒரு மாதிரி பாக்குறே?"

"நடுவுல முனை மழுங்கிப் போச்சுடா. இதுல கீறினா எல்லாமே கெட்டியாத்தான் தெரியும்."

"அந்தக் கோட்டை நாளைக்குப் போட்டதா வச்சுக்கிட்டா ஆகாதா? ஒரே ஒரு நாள்!"

"ஆகாது."

புது முனை மாட்டினாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். கோடு நன்றாக ஆழமாக விழுந்தது. படிகம் சுமார் ரகம். அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நேத்து வேற மாதிரி சொன்னீங்களே?" என்றார் இயக்குநர், கூட்டத்தில்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான்.

"முனை மழுங்கியிருந்துச்சுங்க. அக்காதான் கண்டுபிடிச்சாங்க. இப்ப வந்திருக்கிறதுதான் சரியான அளவு."

உலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ எதுக்கு அழறே? உலை போனது எனக்கு."

"நான்தானேடா அணைச்சேன்."

"இன்னும் அணைக்கலை. வா, கூட வந்து நில்லு. தனியாப் போனா எனக்கும் அழுகை வந்துடும்."