கரையான் தின்ற ஏடு

சூளகிரிக்குக் கிழக்கே குன்றடியில் சின்னதாக ஒரு சபை இருந்தது. இருபத்தெட்டுக் குடும்பம், எல்லாரும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். வெள்ளைக்காரப் பாதிரி கப்பலேறிப் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து சபைக் குருவான ஐயர் வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை. மற்ற நாளெல்லாம் சபையை நடத்துவது உபதேசியார் கரியப்பன்தான். கெட்ட மனிதர் இல்லை, கண்ணுகளா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியிலேயே அவரை வெறுத்துவிடுவீர்கள்.

சபைக்கு ஒரே ஒரு வினாவிடைப் புத்தகம். அதை மனப்பாடமாகச் சொன்னால்தான் இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் கிடைக்கும். கரியப்பன் வேலைக்கு வந்தபோதே அதில் ஓர் ஏட்டைக் கரையான் தின்றிருந்தது. மூன்று வினாக்கள் போயிருந்தன. அவர் மீதியைத் தைத்து, பிள்ளைகள் குழம்பக்கூடாதென்று எண்களை மையால் திருத்தினார். போன மூன்றும் இதே மாதிரிதானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வேதப்புத்தகமும் இருந்தது. ஆனால் வினாவிடைக்குப் பொருந்துகிற வசனங்களையே தேடித் தேடி வாசிப்பார். பழையதைக் கற்றிருந்த கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சபை கண்டிப்பு மட்டுமே தெரிந்த சபையாகிவிட்டது.

மாரியம்மன் பண்டிகைக்குப் பறை அடிக்காவிட்டால் நிலத்தில் வேலை கிடையாது என்றார்கள் ஊரார். சபையில் ஒருவனான மாரிசாமி அடித்தான். உபதேசியார் அவனைச் சபைக்குப் புறம்பாக்கினார். அது நடந்து மூன்று வருஷம். இப்போது, ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், அவன் இருமி இருமி ரத்தம் துப்பிப் படுத்திருந்தான்.

பார்க்கப் போன கரியப்பன் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க உபதேசியாரே. பறை வெளியதான் மாட்டியிருக்குது, கடிக்காது" என்றான் மாரிசாமி.

அவர் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்கு வழி இருக்குதா?"

கரியப்பனுக்குத் தெரிந்தது புத்தகம்தான். "முப்பதாவது வினா உனக்கே தெரியுமே, மாரிசாமி. பாவி தன் பலத்தால் தப்பக்கூடுமோ?"

"கூடாது."

"அடுத்தது?"

"சபை ஒழுங்கை மீறுகிறவன் புறம்பானவன்." சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி நாராயணம்மா சொன்னாள்: "நடுவுல மூணு இருக்குதுங்களே."

"என்னம்மா?"

"அது ரெண்டுக்கும் நடுவுல. எங்க ஊரு காவேரிப்பட்டினத்துல சொல்லிக் குடுத்தாங்க." கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று ஒப்பித்தாள்: "அப்படியானால் பாவிக்கு நம்பிக்கை உண்டோ? உண்டு. அவன் கொண்டுவருவதற்காக அல்ல, கிறிஸ்து கொடுத்ததற்காகவே தேவன் அவனை ஏற்றுக்கொள்ளுகிறார்." மற்ற இரண்டையும் சொன்னாள்.

"ஏ நாராணி, எனக்காகக் கட்டிச் சொல்றியா?"

"கட்டத் தெரிஞ்சிருந்தா உனக்கு எதுக்கு வாக்கப்படறேன்?"

கரியப்பன் அவள் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"இந்த ஊருக்குப் புத்தகம் வேறேன்னு நெனச்சேனுங்க. எங்க ஊர்ல புளிக்குழம்புல வெல்லம் போடுவோம். நீங்க போடறதில்ல. அது மாதிரின்னு இருந்துட்டேன்."

மாரிசாமி உபதேசியாரின் கையைப் பிடித்தான். "அவ ஆசையில சொல்றா. நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொன்னா நம்பறேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் இல்லாத ஒன்றைச் சாகிறவனிடம் சொல்லிவிடக்கூடாதே என்று பயந்தார். "கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்டா. போயிட்டு வந்துடறேன்" என்றார்.

"சீக்கிரம் வாங்க."

காவேரிப்பட்டினத்து உபதேசியார் வெளியூர் போயிருந்தார். ஒரு நாள் காத்திருந்து புத்தகத்தைப் பார்த்தார் கரியப்பன். அவள் சொன்னதில் ஓர் எழுத்து மாறவில்லை. மூன்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு மூன்றாம் நாள் மத்தியானம் குன்றடிக்குத் திரும்பினார்.

முந்தின நாளே மாரிசாமி போய்விட்டான். புறம்பானவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சபை மூப்பர் வெங்கடசாமி ஓடைக்கரையில் புதைக்கச் சொல்லியிருந்தார். கரியப்பனே போட்ட விதி அது.

"இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள் நாராயணம்மா.

"இருந்துச்சும்மா."

"கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாரு. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். 'நீ நல்லவடி'ன்னாரு. நம்பினாரோ என்னமோ."

ஞாயிற்றுக்கிழமை கரியப்பன் சபை நடுவில் மண்டியிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மையால் திருத்திய எண்களை அடித்துவிட்டு மூன்று வினாக்களையும் வாசித்தார். அங்கங்கே விசும்பல் கேட்டது.

"அப்போ யாரு வேணும்னாலும் பறை அடிச்சிட்டு வந்துடலாமா?" என்றார் வெங்கடசாமி.

"வரட்டும். நான் செஞ்சதுக்கு அப்புறமும் நானே இங்க நிக்கறேனே, மூப்பரே."

மாரிசாமியைப் போலவே விலக்கப்பட்டிருந்த ஒன்பது வீட்டுக்கும் அவரே நடந்து போய், வாசலில் நின்று அந்த மூன்றையும் சொன்னார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் போனார்.

பங்குனியில் கிருஷ்ணகிரி ஐயர் இராப்போஜனம் கொடுக்க வந்தபோது, வருஷக்கணக்காக வராதவர்கள் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி வந்து நின்றார்கள். சபைக் கோயிலில் இடம் போதவில்லை. நாராயணம்மாவும் வந்து பாயில் உட்கார்ந்திருந்தாள்.

கரியப்பன் அவள் அருகே குனிந்தார். "எல்லாம் உன்னாலதாம்மா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. "இத்தனை பேருக்குச் சொல்லிட்டீங்க. அவரு ஒருத்தருக்குச் சொல்லியிருக்கலாங்க" என்றாள்.

வாசலில் சாந்தம்மா, நாலு வருஷம் விலக்கப்பட்டிருந்தவள், எங்கே உட்காருவதென்று தெரியாமல் தயங்கிக்கொண்டிருந்தாள். நாராயணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயில் நகர்ந்து, "இங்க வாக்கா" என்றாள்.