முந்நூறாவது நாள்

பாகலூர் ரோட்டில் இருக்கும் அந்தி நிழல் முதியோர் இல்லத்தின் வாசலில், மற்ற இடங்களில் பிள்ளையார் படம் மாட்டும் உயரத்தில், ஒரு போர்டு மாட்டியிருந்தது. மேலே ‘காய்ச்சல் இல்லாத நாட்கள்’ என்ற எழுத்து. கீழே எண்களை மாட்டிக் கழற்ற மூன்று கொக்கிகள். தினமும் காலை ஏழு மணிக்கு மேலாளர் பாஸ்கரன் பைக்கை நிறுத்தி, கர்ச்சீப்பால் முகம் துடைத்து, எண்ணை மாற்றிய பிறகுதான் உள்ளே கால் வைப்பான். சில பேருக்குச் சாமி கும்பிடாமல் பொழுது தொடங்காது. அவனுக்கு இந்தப் போர்டு.

இந்த யோசனை அவன் மூளையில் முளைத்ததல்ல. இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தான். அங்கே கேட்டில் ‘விபத்து இல்லா நாட்கள்’ என்று இதே மாதிரி போர்டு உண்டு. ஒருநாள் பிரஸ் மெஷினில் முனிவேல் என்ற தொழிலாளிக்கு இரண்டு விரல் போயிற்று. ஆளைப் பின் கேட் வழியாகக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, ‘வீட்டில் விறகு வெட்டும்போது நேர்ந்தது’ என்று எழுதிக்கொடுத்தவன் பாஸ்கரன்தான். மறுநாள் போர்டில் ஒரு எண் கூடியது. எல்லோரும் கைதட்டினார்கள். முனிவேலும் தட்டியிருப்பான், தட்டுவதற்குக் கைதான் சரியில்லை.

ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். பாஸ்கரன் வேலை தெரியாதவன் இல்லை. தொற்றுக் காய்ச்சல் வந்தால் முப்பத்தெட்டுக் கிழங்களும் ஈசல் மாதிரி விழுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுக் கம்பியிலும் ஒரு அட்டை தொங்கவிட்டான். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. உடம்பு நன்றாக இருந்தால் பச்சை. காய்ச்சலோ இருமலோ வந்தால் யாரையும் கேட்காமல் அவரவரே சிவப்புக்குத் திருப்பிவிட வேண்டும். சிவப்பைப் பார்த்தால் நர்ஸ் ஓடி வருவாள், ஆளைத் தனியறைக்கு மாற்றுவார்கள். விசில் அடித்து மாதம் ஒருமுறை ஒத்திகையும் பார்த்தான். மாதிரிக்குச் சிவப்பு திருப்புகிற வேலை எப்போதும் அஞ்செட்டிப் பக்கத்துக் கோவிந்தப்பனுக்கு. மனுஷன் அதற்காகவே நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நல்ல ஏற்பாடுதான். அதைப் போர்டோடு முடிச்சுப் போட்டதில்தான் வினை. ஒரு சிவப்பு விழுந்தால் போர்டு பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை முந்நூறாவது நாள். அன்றைக்கு நன்கொடை தரும் கம்பெனியின் பெரிய அதிகாரி குருமூர்த்தி வருகிறார். புதிதாகக் கட்டிய தனியறையின் ரிப்பனை வெட்டி, முந்நூறைத் தன் கையால் மாட்டி, அதன் பிறகு புதுக் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கட்டடத்தில் மேலாளருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் உண்டு.

அந்தக் குவார்ட்டர்ஸுக்காகத்தான் பாஸ்கரன் உயிரை விட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பெற்ற இருளாயி இதே இல்லத்தில், பெண்கள் ஹாலில், எட்டாம் கட்டிலில் கிடந்தாள். விருதுநகர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டி அவனைப் படிக்க வைத்தவள். மகன் குடியிருந்த ஒற்றை அறை வாடகை வீட்டில் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமே முழங்கால் இடிக்கும். “முந்நூறு ஆகட்டும்மா, வீடு வந்துரும். ஒன்னைய நம்ம வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருதேன்” என்று பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் தினமும் வாசலுக்கு வந்து எண்ணைப் பார்த்துவிட்டுப் போவாள்.

செவ்வாய்க்கிழமை காலை நர்ஸ் பிரவீனா அவன் அறைக்கு வந்து நின்றாள். பர்கூர்க்காரி, பேச்சில் வளைவு நெளிவு கிடையாது.

“சார், ஏழாம் கட்டில் சரோஜம்மாளுக்கு நூத்திரெண்டு. இருமல் வேற. செவப்பு திருப்பிட்டேன். ரூமைத் தொறங்க.”

“அந்த ரூமா? ரிப்பன் கட்டியிருக்கும்மா!”

“ரிப்பனை அவுத்துட்டுத் திரும்பக் கட்டிக்கலாம் சார்.”

“வெள்ளிக்கிழமை அவரு வந்து வெட்டணும். பெட்ஷீட்ல ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. மாத்திரை குடு. மூணு நாள்தான்.”

“பக்கத்துக் கட்டில்ல உங்கம்மா இருக்காங்க சார்.”

பாஸ்கரன் எழுந்து போய், தானே சரோஜம்மாளின் அட்டையைப் பச்சைக்குத் திருப்பினான். கிழவி அவனைப் பார்த்துச் சிரித்தாள். “ஏனில்ல சாமி, ஒன்னுமில்ல, ஒடம்பு கொஞ்சம் சுடுது, அவ்ளோதான்” என்றாள். தன்னால் எவருக்கும் தொந்தரவு வந்துவிடக் கூடாது என்று பயந்தே எழுபது வருடம் வாழ்ந்துவிட்டவள் அவள். இவள் மாதிரி ஆட்கள்தான் இவன் மாதிரி ஆட்களுக்கு வசதி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அன்றைக்கே தொடங்கிற்று. புதன்கிழமை இன்னும் மூன்று பேர். வியாழக்கிழமை ஆண்கள் ஹாலில் மூன்று பேர். பிரவீனா முகக்கவசம் கேட்டாள். புத்தம்புதுப் பெட்டிகள் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கடுக்காக இருந்தன, விருந்தாளிக்குக் காட்ட. “வரிசை கலைஞ்சிரும், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எடுத்துக்கோ” என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். வாயை மூடாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். அவளை அன்று முழுக்க ஆண்கள் பக்கமே நிறுத்திவிட்டான்.

வியாழன் மாலை இருளாயி அவன் சட்டையைப் பிடித்தாள்.

“பாஸ்கரு, தொண்டை கரகரங்குதுய்யா. நெஞ்சு வேற அடைக்கு.”

அவன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். தோசைக்கல்லாகச் சுட்டது. பயந்துதான் போனான், அதில் பொய்யில்லை. பயம் வந்ததும் நல்லவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். இவன் காலண்டரைப் பார்த்தான்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கம்மா. அவுக போனதும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். யார்ட்டயும் சொல்லிறாத.”

“சொல்ல மாட்டேன்யா. வீடு கெடைச்சிரும்ல?”

“கெடைச்சிரும்.”

வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் எட்டாம் கட்டிலில் அட்டை சிவப்பாக இருந்தது. தாங்க முடியாமல் அவளே திருப்பியிருக்கிறாள். பக்கத்தில் சரோஜம்மாளைத் தவிர யாரும் விழித்திருக்கவில்லை. பாஸ்கரன் அட்டையைப் பச்சைக்குத் திருப்பினான். அவள் மறுபடி திருப்புவாள் என்று தெரியும், பெற்றவளின் பிடிவாதம் பிள்ளைக்குத் தெரியாதா. பைக் சாவியோடு எப்போதும் நாலைந்து கேபிள் டை, வயர் கட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை, வைத்திருப்பான், கம்பெனிப் பழக்கம். ஒன்றை எடுத்து அட்டையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி ‘சர்’ரென்று இழுத்து இறுக்கினான். அது ஒருமுறை இறுகினால் இறுகினதுதான், வெட்டினால் ஒழிய அவிழாது.

“எதுக்கு சாமி கட்றே?” என்று சரோஜம்மாள் ஈனக் குரலில் கேட்டாள்.

“லூசா இருக்குங்க. விழுந்துரும்.”

இரண்டு காய்ச்சல் மாத்திரையையும் இருமல் மருந்தையும் அம்மாவுக்குத் தன் கையாலேயே கொடுத்து, கழுத்துவரை போர்த்திவிட்டு, போர்டில் 299-ஐக் கழற்றப் போனான்.

பதினோரு மணிக்குக் குருமூர்த்தி வந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து சுகாதாரத் துறை டாக்டரம்மா ஒருவரும் வந்தார். ரிப்பன் வெட்டினார்கள். முந்நூறு மாட்டினார்கள். தட்டில் ரோஜாப்பூ, சந்தனம், கத்தரிக்கோல். இவ்வளவும் முடிந்த பிறகு குருமூர்த்தி கேட்டார்: “அந்த ஒத்திகை சொன்னீங்களே, ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்.”

இதற்காகவே காத்திருந்த பாஸ்கரன் ஆண்கள் ஹாலுக்கும் பெண்கள் ஹாலுக்கும் நடுவில் நின்று விசில் ஊதினான்.

நல்ல சட்டையில் இருந்த கோவிந்தப்பன் தன் அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பின்னால் ஒன்று திரும்பியது. இன்னொன்று. பெண்கள் பக்கம் சரோஜம்மாளின் கை மேலே போய் அட்டையைப் பிடித்தது. மொத்தம் ஏழு பேர், கோவிந்தப்பனைச் சேர்க்காமல். காலையில் பிரவீனா தெரிந்த காய்ச்சல்காரர்கள் ஒவ்வொருவர் காதிலும் சொல்லிவைத்திருந்தாள், விசில் அடித்ததும் திருப்புங்கள், பெரியவர்கள் பார்க்கட்டும் என்று.

“அடடா! என்ன ஒழுங்கு! என்ன ஒழுங்கு!” என்று குருமூர்த்தி கைதட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். சரோஜம்மாள் மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். அதையும் நடிப்பென்றே எண்ணி ஒருவன் போட்டோ எடுத்தான்.

பாஸ்கரனின் கண் மட்டும் எட்டாம் கட்டிலில் நின்றது. இருளாயியின் விரல்கள் தலைமாட்டில் அட்டையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தன. திரும்பவில்லை. நகத்தால் சுரண்டினாள். இழுத்தாள். மற்றவர்களெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கை மெதுவாகச் சரிந்து தலையணையில் விழுந்தது.

டாக்டரம்மா கைதட்டவில்லை. நேராக ஏழாம் கட்டிலுக்குப் போய்க் கழுத்தில் கை வைத்தார். அடுத்த நிமிடம் அவர் குரல் மாறியது.

“இது ஒத்திகை இல்ல. நிஜக் காய்ச்சல். நூத்தியெட்டைக் கூப்பிடுங்க!”

அப்புறம் எல்லாம் பாஸ்கரன் எழுதி ஒட்டிய முறைப்படியே நடந்தது. கோவிந்தப்பன் தானாகவே பச்சைக்குத் திருப்பிக்கொண்டார். “இந்த அட்டை நல்ல உபகாரம்” என்றார் டாக்டரம்மா. “செவப்பு ஏழும் வண்டியில ஏறட்டும். பச்சைக்காரங்க பக்கத்துல இப்போ யாரும் போகாதீங்க. இவங்களைத் தொட்ட கையோட அவங்களைத் தொட்டா அவங்களுக்கும் வந்துரும்.”

இரண்டு ஆம்புலன்ஸ் வந்தன. போதாமல் குருமூர்த்தி தன் கம்பெனி வேனையும் கொடுத்தார். டாக்டரம்மாவும் பிரவீனாவும் நோயாளிகளோடு ஏறினார்கள். கடைசியில் வேனில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

“இன்னும் யாராச்சும் இருக்காங்களா சார்?”

பாஸ்கரனின் தோளில் குருமூர்த்தியின் கை இருந்தது. அம்மாவைத் தூக்கி வரலாம். தூக்கினால் அந்தக் கறுப்புப் பட்டையை எல்லோரும் பார்ப்பார்கள். பெற்ற தாயைப் பச்சையில் கட்டிப்போட்டவன் என்று ஊர் சிரிக்கும். இவர் போகட்டும், பத்து நிமிடம், பைக்கிலேயே கூட்டிப் போய்விடலாம்.

“இல்லப்பா. அவ்ளோதான்” என்றான்.

வேன் போயிற்று. பத்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆயிற்று. குருமூர்த்தி போர்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அட்டை முறையைப் பற்றி விவரமாகக் கேட்டார். பாஸ்கரன் விவரமாகச் சொன்னான். “பூஜ்யமானா என்னய்யா, ஏழு உசுரைக் காப்பாத்தியிருக்கே! இதுதான் எனக்கு வேணும்” என்று அவர் முதுகில் தட்டினார். புதுக் கட்டடத்துக்கு அங்கேயே கையெழுத்தும் போட்டார். பூஜ்யம் ஒன்றும் குடிமுழுகிப்போகிற சங்கதி இல்லை என்று செவ்வாய்க்கிழமை யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம். பிரவீனா ரூமைத் திறக்கச் சொன்னாள்தான், அவன் காதுதான் போர்டில் இருந்தது.

கார் கிளம்பியதும் ஓடினான். தட்டில் கிடந்த ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினான். கேபிள் டையை வெட்டி, அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினான். அப்போதும் முதலில் அதைத்தான் செய்தான். இருளாயியின் உதடு நீலம் பாரித்திருந்தது. வலது கை நகக்கண்ணில் ரத்தம்.

“அம்மா, வீடு கெடைச்சிருச்சும்மா” என்றான்.

அவள் கண் திறந்து அவனைப் பார்த்தாள். பேச மூச்சில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில், “எப்ப இருந்து காய்ச்சல்?” என்று டாக்டரம்மா கேட்டபோது, “இப்பதான் டாக்டர், ஒரு மணி நேரமாத்தான்” என்றான். சாயங்காலம் ஐந்தரைக்கு இருளாயி போய்ச் சேர்ந்தாள்.

சிவப்பு வைத்த ஏழு பேரும் பிழைத்தார்கள். ஒன்பதாம் நாள் காலை சரோஜம்மாள் வந்து தன் கட்டிலில் உட்கார்ந்தாள். எட்டாம் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். செருப்பை விடக் குனிந்தவள் கட்டிலுக்கடியில் கையை விட்டு எதையோ எடுத்து, முந்தானையில் துடைத்து, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

பாஸ்கரன் வந்தான். மொட்டை போட்டிருந்தான். “நல்லாருக்கீங்களா?” என்றான்.

“எனக்கு என்னா சாமி, நீ செவப்பு திருப்ப உட்டே, பொழைச்சுக்கினேன்” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெட்டுப்பட்ட கேபிள் டை. “இந்தா, உங்கம்மாளுது. கீழ கெடந்துச்சு.”

ஹாலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரவீனாவும் மருந்துத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். வேறென்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வாசலுக்குப் போய், போர்டில் எட்டைக் கழற்றி ஒன்பதை மாட்டினான்.