அச்சாறுப் போத்தல்

ஹாஜறாவுக்கு இரண்டு மாதத்திலேயே கரு கலைந்துபோயிற்று. மருத்துவிச்சி பாத்தும்மா நகமளவு கிடந்ததைக் கிண்ணத்தில் ஏந்தி, "இத மண்ணுக்குக் குடுக்கணும், மாஸ்டர்" என்றாள்.

ஹாஜறாவின் புருசன் அப்துல் ஸமட், உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிக்கிறவர். பெரிய படிப்பாளி! "நாலு மாசம் ஆகல்ல. கபன் துணியும் கடமையில்ல, தொழுகையும் இல்ல" என்று சட்டம் கதைத்தார். ஹாஜறா படுத்த படுக்கையிலிருந்து தன் கலியாணச் சால்வையைக் கிழித்து நீட்டினாள். "கடமையில்லாட்டிப் போகுது. இதில சுத்தி அடக்குங்க. அது என்ட புள்ள."

மறுநாள் காலை வளவு மூலையில், மாதுளைக்குக் கீழே சின்ன மண்மேடு. தானே தோண்டி அடக்கினதாக அவர் சொன்னார். இப்படியும் ஒரு மனிசனா என்று அவள் நன்றியில் அழுதாள். பாவி மகள், வேறென்ன செய்வாள்? நாற்பது நாள் அந்த மேட்டுக்குத் தண்ணீர் தெளித்து யாசீன் ஓதினாள். குசினியில் ஒரு அச்சாறுப் போத்தலைக் காணவில்லைதான். இருந்த கவலையில் போத்தலை யார் தேடினது?

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. எண்பத்திரண்டாம் ஆண்டு. பொம்பிளைகளுக்கென்று ஒதுக்கிய வியாழன் பின்னேரம் ஹாஜறாவும் போனாள். நீள மேசையில் மீன், தேரை, ஓணான், கோழிக்குஞ்சு, எலி என்று வரிசையாகப் போத்தல்கள். மாஸ்டர் பிரம்பால் தட்டித் தட்டிச் சொன்னார்.

"முதுகு நடுவால ஒரு நாண். அதுக்கு மேல குழாய் மாதிரி நரம்பு. தொண்டையில பிளவு. பின்னால வால். வாழ்க்கையில ஒரு பருவத்திலயாவது இந்த நாலும் இருந்தா அது முதுகுநாணி. நாண் இருந்த இடத்தில எலும்பு கோத்து வந்தா முள்ளந்தண்டு. மீனும் நாமளும் ஆதியில ஒரே சாதி."

"நமக்கு எங்க மாஸ்டர் வால்?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"இந்தா." கடைசிப் போத்தலைத் தூக்கினார். "மனிசக் கரு. ஏழு கிழமை, ரெண்டு மாசத்துக்குக் கிட்ட. வால் தெரியுதா? கழுத்தில செவுள் மாதிரி மடிப்பு."

"ச்சீ, பல்லிக்குஞ்சு!" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஹாஜறா போத்தலின் வாயைத்தான் பார்த்தாள். உலக்கை பட்டு அவள் கையாலேயே உடைந்த விளிம்பு.

"இது ஆர்ட?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதீங்க. மண்ணுக்குள்ள கிடந்தா புழுதான் பாத்திருக்கும். இஞ்ச நூறு புள்ளையள் படிக்குது."

"அப்ப மாதுளைக்குக் கீழ?"

"உங்கட மனசு ஆறட்டும் எண்டு ஒண்ட வெச்சன்."

அவள் போத்தலைப் பறித்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். அத்தனை பொம்பிளைகளுக்கு முன்னால் அவரால் கைவைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மண்மேட்டைக் கொத்தினாள். சால்வைத் துண்டை அவிழ்த்தால், போமலின் மருந்து நாற்றம் மூக்கில் அடித்தது. உள்ளே ஒரு தேரை. வயிறு பிளந்து, நாலு காலிலும் ஊசி குத்தின ஓட்டை. மருந்தில் ஊறினது அழுகக்கூட இல்லை. அல்லாஹ்வே, நாற்பது நாள் யாசீன் இதுக்கா! அவள் மண்ணிலேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு எழும்பி, சேலைத் தலைப்பைக் கிழித்து, பிள்ளையைச் சுற்றி, அதே குழியில் வைத்து மூடினாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாஸ்டர் வந்தார். கதவு உள்ளால் பூட்டிக் கிடந்தது. வாசலில் அவருடைய தகரப் பெட்டி.

நம்மட பகுதியில் வீடு பொம்பிளைக்குச் சீதனமாக எழுதினது. மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவர். இவ்வளவு படித்த மனிசன் அதை மட்டும் மறந்துபோனார்.

"ஹாஜறா, கதவத் திறங்க. சனம் பாக்குது."

"பாக்கட்டும். இது என்ட வாப்பா எனக்குத் தந்த வீடு. உங்கட சாமானெல்லாம் பெட்டியில இருக்கு."

மூடியைத் திறந்தார். தேய்த்து மடித்த சேட்டுகளுக்கு மேல், கலியாணச் சால்வையில் தேரை கிடந்தது.

"அதுக்கும் முள்ளந்தண்டு இருக்கு" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "ஆதியில ஒரே சாதிதானே? நான் நாப்பது நாள் அழுதிட்டன். இனி உங்கட புள்ளைய நீங்க கொண்டுபோய் அடக்குங்க."