பன்னிரண்டாம் வீட்டு வரி

மாதா கோயில் தெருவில் பதினோரு வீட்டுப் பாட்டு வரிகளையும் போனில் பதிந்து முடித்தபோது இருதயமேரிக்குத் தொண்டை வறண்டிருந்தது. மிச்சம் வேணி வீடு ஒன்றுதான். சாக்கடைத் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது என்ற சண்டையில் அவளும் வேணியும் பேச்சை விட்டு நான்கு வருஷம் ஆகிறது.

அவளை இப்படி வாசல் வாசலாக அலைய வைத்துவிட்டுப் போயிருந்தார் அப்பா சவுரிராயன். ஒலக்கூர் சுற்றுவட்டத்தில் சாவு, கல்யாணம், தேர் எதுவானாலும் பாட்டுக் கட்டிய மனிதர். மெட்டு பிடிபடாவிட்டால் தெருவில் பின்பக்கமாக நடப்பார். திண்டிவனம் பஸ்ஸில் பிடிபட்டுவிட்டாலோ, இன்ஜின் சத்தம் அதைக் கெடுத்துவிடும் என்று நடுவழியில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தே வருவார். கடைசியாகக் கட்டிய தேர்ப் பாட்டை யாரிடமும் முழுதாகக் கொடுக்கவில்லை. தன் வீட்டுக்கு எதுவும் வைக்காமல், மற்றப் பன்னிரண்டு வீட்டுக்கும் வீட்டுக்கொரு வரி. தேர் வாசலுக்கு வரும்போது அந்தந்த வீடு பாட வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டுக்கும் சொல்லக்கூடாது. தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது இறந்துபோனார். அந்த வருஷம் தேர் பாட்டில்லாமல் போனது.

நாளை அவருக்கு வருஷப் பூசை. அதில் பாட்டை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் மேரி மூன்று நாளாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். வரியோடு கதையும் கொடுத்தார்கள். டீக்கடை தேவநாதன் தன் வரியைப் பாடிவிட்டு, "ஒங்கப்பாரு பாய்லர் கொதிக்கிற சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கினே டீய ஆறவுட்டுருவாரும்மா. மூணு தபா சுட வச்சிக் குடுத்திருக்கேன்" என்று சிரித்தார்.

வேணி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பதினோரு வூடு சுத்திட்டு இப்பத்தான் இந்த வூடு கண்ணுக்குத் தெரிஞ்சிச்சாக்கா?"

திரும்பிவிடலாமா என்றிருந்தது மேரிக்கு. "ஒன் வரி இல்லன்னா பாட்டு முடியாது வேணி" என்றாள்.

வேணியின் கை நின்றது. "எங்களுக்கு ஏதுக்கா வரி? எனுக்கும் எம் மாமியாருக்கும் ராகமே ஒக்காராதுன்னு கைதட்டு மட்டுந்தான் குடுத்தாரு. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு கமுக்கமா இருந்துக்கினேன்."

மேரிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "சரி, அதத் தட்டு."

"சும்மா எப்டித் தட்றது? முன்னாடி வரி முடியற எடத்துல வுழணும்னாரு."

பதினோராவது வரி பக்கத்து வீட்டு சகாயராஜுடையது. மேரி அதைப் போனில் ஓடவிட்டாள். வேணி முகத்தைச் சுளித்தாள். "அவரு எங்க மூச்சு வுடறாருன்னே தெரியல. நீ பாடு."

"நானா?" அப்பா இருந்தவரை மேரி வாய் திறந்து பாடியதில்லை. மெட்டைக் கெடுக்கிறாள் என்று சின்ன வயதிலேயே அவர் தடுத்துவிட்டார்.

"பின்ன, மாதாவா வந்து பாடும்? ஜல்தி பாடுக்கா."

பாடினாள். குரல் நடுங்கி, கடைசி வார்த்தையில் கீழே இறங்கியது. வேணியின் கைதட்டு அதற்கு முன்பே விழுந்துவிட்டது. அடுத்த தடவை தாமதமாக விழுந்தது. எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"நின்னுக்கினே பாடினா அப்டித்தான் இழுக்கும். ஒக்காரு" என்று வேணி முறத்தைத் தள்ளி இடம் விட்டாள்.

மேரி உட்கார்ந்து மூச்சை இழுத்தாள். வேணி உள்ளங்கைகளில் ஒட்டிய செம்மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து, அவள் வாயையே பார்த்தபடி காத்திருந்தாள்.