சேகரிப்பு அறையில் பத்தாவது இடம்

மாடத்தியின் படிப்பில் மண்ணை அள்ளிப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பிப் போட்டேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு அறிவியல் அருங்காட்சியகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. வருகிற பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். போன வருடம் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு திட்டம் வந்தது. பத்துப் பேரை எடுத்து, ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் சேகரிப்பு அறையில் வைத்துப் பயிற்சி கொடுப்பது. அது பொதுமக்களை விடாத அறை. கல், எலும்பு, பூச்சி எல்லாம் இழுப்பறைகளில் அடுக்கியிருக்கும். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால், சாலை பஜார் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது என் தலையில் விழுந்தது.

அப்படி வந்தவள்தான் ஏழாம் வகுப்பு மாடத்தி. அம்மா இசக்கிசெல்விக்குச் சாலை பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சரக்கு புடைக்கிற வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருப்பு. அறையைச் சுற்றிக் காட்டக் கூட்டி வந்த முதல் நாளே மாடத்தி இழுப்பறையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நக்கிவிட்டாள். எனக்கு உயிரே போயிற்று.

"ஏய், கீழ வையி!" என்று கத்தினேன்.

"மிஸ், இதுல இந்துப்புன்னு எழுதியிருக்கு. இது படிகாரம்லா? உப்புக் கரிக்கல, துவர்க்குது."

சோதித்துப் பார்த்தார்கள். அவள் சொன்னதே சரி. படித்துப் பட்டம் வாங்கிய நாங்கள் இத்தனை பேர், அந்தத் தப்புச் சீட்டை வருடக்கணக்காகத் தூசி தட்டித் தட்டி வைத்திருக்கிறோம்! அன்றிலிருந்து அவளுக்கு அந்த அறை மேல் ஒரே பைத்தியம். "எனக்கு இடம் கிடைக்கும்லா மிஸ்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். ஒன்பது இடம் நிரம்பிவிட்டது. பத்தாவது இவளுக்குத்தான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அந்தக் கடைசி இடத்துக்கான தேர்வு நாளன்று தாயும் பிள்ளையுமாக வரச் சொல்லியிருந்தது. பணம் தருகிற கம்பெனி ஆட்களும் வருவார்கள். "பிள்ளைய நல்லா உடுத்தி ஒருக்கிக் கூட்டிட்டு வாங்கக்கா" என்று சொன்னதும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெரிய மனுஷர் முன்னால் நிற்கப்போகிற மகளை எந்தத் தாய் பழைய துணியில் அனுப்புவாள்? பட்டுப்பாவாடை, தலை நிறையப் பிச்சிப்பூ, கழுத்தில் பளபளவென்று ஒரு சங்கிலி. செல்வியக்கா என்னை வாசலிலேயே தனியாக இழுத்தாள்.

"கவரிங்குதான் லிபி டீச்சர். லைன் வீட்ல எல்லார்ட்டயும் எங்கம்மை போட்ட தங்கம்னு சொல்லி வச்சிருக்கேன். வெளிய விட்டுராதிய, என்ன?"

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்!" என்றேன்.

கேட்ட கேள்விக்கெல்லாம் மாடத்தி டக் டக்கென்று பதில் சொன்னாள். கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் கல்வி அலுவலர் பிரதீஷ் சாரின் காதில் ஏதோ முணுமுணுத்தார். சார் என் பக்கம் திரும்பினார்.

"இவர் பாவப்பட்டவரல்லல்லோ லிபி?" என்றார். சங்கிலியைப் பார்த்து, ஏழைகளுக்கான திட்டத்தில் இவர்கள் எப்படி என்று சந்தேகம் வந்துவிட்டது. செல்வியக்காவிடம் நேராகவே கேட்டார்: "மாலை கோல்டாணோ?"

பின்னால் தங்கள் பிள்ளைகளோடு வந்த லைன் வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி எதற்கென்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்! பிள்ளையை மதித்துக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"பின்ன, தங்கந்தான் சார். எங்கம்மை போட்டது."

சார் பேனாவை மூடினார். "அடுத்தயாள்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "சாரே, அது கவரிங்கு! இவங்க வீட்ல அடுத்த வேளைக்கு அரிசி கிடையாது. சந்தேகம்னா உரசிப் பாருங்க!" அரிசி சங்கதி நானாகச் சேர்த்தது.

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். செல்வியக்கா மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டாள். பத்தாவது இடம் மாடத்திக்கே கிடைத்தது. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன், வெட்கங்கெட்டவள்.

முதல் சனிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. லைன் வீட்டுக்கே போனேன்.

"தப்புத்தான் செல்வியக்கா, மன்னிச்சிருங்க. பிள்ளைய மட்டும் அனுப்புங்க."

"நானா பிடிச்சு வச்சிருக்கேன்? அவட்டயே கேளுங்க," என்றாள். "இந்த லைன்ல தலைநிமுந்து நடக்க எனக்கு ஒம்பது வருசம் ஆச்சு டீச்சர். ஒரு நிமிசத்துல முடிச்சிட்டிய."

மாடத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மிஸ் மிஸ் என்று ஓடி வருகிற பிள்ளை, ஆபீஸ்காரர்களிடம் பேசுகிற மாதிரி மலையாளத்தில் சொன்னாள்:

"ஞான் இனி வரில்லா மேடம்."

"ஏன் மக்ளே? உனக்குப் பிடிச்ச அறைல்லா?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்ல அரிசி இருக்கு. அத அங்க வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுவியளா?"

சொன்னால் அந்த இடம் போய்விடும். சொல்லாவிட்டால் இவள் வரமாட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.