பெண்களுக்கு வராத காய்ச்சல்

தங்கை நூர் பீவி காய்ச்சலில் மூச்சுக்குத் தவிக்கிறாள் என்று கேட்டதும், ரஜியா சென்னை ஆய்வகத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு ஓடி வந்தாள். கடைக்குப் புளி வாங்கக் கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குப் போன நூர் பீவி, அங்கேயே தங்கி மரத்தடியில் உட்கார்ந்து கொட்டை நீக்கியிருக்கிறாள்.

அது போதாதா, கண்ணுங்களா? கடுகிலும் சிறிய பூச்சி ஒன்று புல்லில் ஏறிக் காத்திருக்கும். கடித்த இடம் வலிக்காது. பீடியால் சுட்டது போலக் கருப்பாய்ப் பொருக்குத் தட்டும். பிறகுதான் காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். நேரத்தோடு மருந்து உள்ளே போனால் பிழைக்கலாம். தவறினால் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொண்டுபோய்விடும்.

ரஜியாவுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காய்ச்சலைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சியெல்லாம். கல்வராயன் மலையில் முகாம் போட்டு எழுதிய கட்டுரையை எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் மேற்கோள் காட்டினார்கள். யார் காட்டினாலும் அவள் கைப்பேசி ‘டிங்’ என்னும். அந்த எண்ணிக்கைதான் அவளுக்குப் பதவி உயர்வே வாங்கித் தந்தது. “உங்க பேப்பர் நம்ம கடையில புளி மடிக்கத்தான் ஆவும்க்கா” என்று தங்கை புருஷன் உமர் பாரூக் கேலி செய்வான். இன்று ஆஸ்பத்திரி வாசலில் அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினான்.

“டெங்குதான் மேடம்” என்றார் டாக்டர் தங்கதுரை. சின்ன வயது, நல்ல மனுஷன். “ரத்தத்துல தட்டணு கம்மியாய்க்கினே போவுது.”

“உண்ணிக் காய்ச்சலா இருந்தா? மருந்த ஆரம்பிச்சிடலாமே?”

அவர் சிரித்தார். “நீங்களே இப்டி கேக்கலாமா? இந்த மலையில அது ஆம்பிளைங்களுக்குத்தான் வரும், பொம்பளைங்களுக்கு அபூர்வம்னு எழுதனதே நீங்கதானே? அத வெச்சிதான் நாங்க பாக்குறோம். புண்ணு இருக்குதான்னும் கேட்டுட்டேன். இல்லன்னுட்டாங்க.”

‘கேட்டுட்டேன்’ என்ற சொல் ரஜியாவை இழுத்துப் பிடித்தது.

முகாம் நடந்த பள்ளிக்கூடம் கண்முன் வந்தது. காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஆண் ஊழியர்கள் இருவர், “ஒடம்புல கருப்பா புண்ணு எதுனா இருக்குதா?” என்று கேட்டார்கள். ஆண்கள் வேட்டியை ஒதுக்கிக் காட்டினார்கள். பெண்கள் இல்லையென்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். புண்ணைக் காட்டியவர்களிடம் மட்டும் ரத்தம் எடுத்தார்கள். ரஜியா அடுத்த அறையில் ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

காட்டுக்குள் மரம் வெட்டப் போவது ஆண்கள், அதனால்தான் அவர்களுக்கு மட்டும் வருகிறது என்று காரணமும் எழுதியிருந்தாள். எல்லாரும் பாராட்டிய வரி அது.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். நூர் பீவியின் விலா, விசிறி போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“நூரு, எங்கடி கடிச்சுது?”

“ஒண்ணுமில்லக்கா.”

“எங்கிட்டயாடி மறைக்கிற?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரவிக்கையைத் தொட்டாள். “எறும்புன்னு நெனச்சேன். அந்த டாக்டர் தம்பிகிட்ட போய் இத எப்டிக்கா சொல்றது?”

மார்புக்கு அடியில் இருந்தது. கருப்பாய், வட்டமாய், சுற்றிலும் சிவந்து. படத்தில் ஆயிரம் முறை பார்த்த பொருக்கு.

ரஜியா கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ் கமலா ஓடி வந்து பார்த்துவிட்டு, டாக்டரிடம் பறந்தாள். தங்கதுரை மறுபேச்சுப் பேசவில்லை. முகம் வெளுத்து, ஊசியை அவரே போட்டார். மருந்து சொட்டத் தொடங்கியது.

“பொழைச்சிக்குவாளா?”

“கொஞ்சம் லேட்டுதான் மேடம்... பாக்கலாம்.”

ரஜியா தங்கையின் கையைப் பிடித்தபடி சொட்டுகளையே பார்த்திருந்தாள். அவள் எழுதிய வரி இப்போது எந்தெந்த ஊரில், எந்தெந்தக் கட்டிலருகே நின்றுகொண்டிருக்கிறதோ?

திரைக்கு அப்பாலிருந்து ஒரு தயங்கிய குரல். மலையிலிருந்து மனைவியைக் கொண்டு வந்திருந்த மாயவன்.

“யம்மா, எங்கூட்டுப் பொம்பள செவ்வந்தியும் இப்டியேதான் கெடக்குது. டெங்குன்றாங்க. அதையும் செத்த பாக்குறீங்களா?”

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி ‘டிங்’ என்றது. எங்கோ இன்னொருவர் அதே கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்.

ரஜியா அதை முந்தானைக்குள் அழுத்தி அதன் வாயை அடைத்துவிட்டு, அடுத்த கட்டிலின் திரையை இழுத்தாள்.