ஏழாம் பிளாக்கில் ஒரு வெள்ளைக் கட்டம்

மார்ச் 14ஆம் தேதி, கம்பெனிப் பண்ணையின் ஏழாம் பிளாக்கில், பதினொரு மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உள்ள ஓர் இடம் உழப்படாமல் கிடந்தது.

இறங்கப்போன ஓட்டுநரை நிறுத்தி, டிராக்டரில் பொருத்தியிருந்த திரையைக் காட்டினார் சூப்பர்வைசர். உழுத நிலம் பச்சையாகத் தெரியும். பச்சைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டம்.

"மூணு உழவு, மூணு தடவையும் இதே எடத்துல கலப்பையத் தூக்கியிருக்கீங்கண்ணே. கீழ என்ன, புதையலா?"

"நான் தூக்கலையே சார்."

"அப்ப வண்டிக்கே தோணிச்சாக்கும்."

ஓட்டுநர் சிரிக்கப் பார்த்தார். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்பது ஒப்பந்தம். அந்த வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு நாள் இருந்தது.

"நாளைக்கும் விட்டீங்கன்னா மேல எழுதிருவேன். அப்புறம் வேலை போச்சுன்னு என்னைச் சொல்லக்கூடாது."

கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில் ஓட்டுநரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"பதினொண்ணுக்கு எட்டா? பின்கட்டையும் சேத்தா, சேக்காமலா?"

"சேக்காம."

அவர்களுடைய வீடு இருந்த இடம் அது. இடித்துச் சமப்படுத்தி இரண்டு வருடமாகிறது. ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. இறங்கி நின்று தேடினாலும் எது எங்கே இருந்தது என்று ஓட்டுநருக்குச் சொல்லத் தெரியாது.

மனைவி மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார்.

மறுநாள் காலை சூப்பர்வைசரே வண்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கலப்பையைத் தூக்கும் லீவரைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

"இனி நீங்களே நெனச்சாலும் தூக்க முடியாது. நேரா விடுங்க."

கட்டத்தின் குறுக்கே நான்கு முறை போய்வர வேண்டியிருந்தது. முதல் இரண்டு முறையும் ஓட்டுநரின் வலது கை லீவரைத் தேடிப் போய், கம்பியைத் தொட்டுத் திரும்பியது. மூன்றாவது முறை விளிம்பைத் தாண்டும்போது தலையைத் தாழ்த்திக் குனிந்தார்.

"எதுக்குண்ணே குனியறீங்க?"

"குனிஞ்சேனா?"

"நல்லாவே குனிஞ்சீங்க."

ஓட்டுநர் கடைசிச் சாலுக்கு வண்டியைத் திருப்பினார்.

"வாசக்கால் தாழ்வு சார். தலை இடிக்கும்."

சூப்பர்வைசர் கண்ணாடி வழியே முன்னால் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை மண்தான் இருந்தது.

அன்றைய அறிக்கையில், ஏழாம் பிளாக்கில் விடுபட்ட பரப்பு 'இல்லை' என்று பதிவானது. பதினெட்டாம் தேதி ஓட்டுநருக்கு வேலை நிரந்தரமானது.